சுவேனா வீட்டு விருந்தாளி

மினாயோ பெம்பா தீவில் வந்து இறங்கியபோது, படகுத்துறையில் அவளை அழைத்துப்போக ஒரு குடும்பமே வந்து நின்றது. அவள் கென்யாவின் மேற்கு மலைநாட்டுக்காரி. மூன்று வருடம் வேலை தேடி அலைந்தபின் கிடைத்தது இது. வேட்டே ஊரில் ஹாரூப் நடத்தும் சின்ன மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். தங்குவதற்கு ஹாரூபின் அக்கா சுவேனாவின் வீடு.

"பெட்டிய கீழ வை மகளே. நீ தூக்கிட்டு வந்தா ஊரு என்னைத்தான் காறித் துப்பும்" என்றாள் சுவேனா.

அவளுடைய கென்யாவிலும், இந்தத் தீவு இருக்கும் அண்டை நாட்டிலும் பேசுவது சுவாஹிலிதான். ஆனாலும் மினாயோ "டீ கொடுங்க" என்றதும் வீட்டுப் பெண்கள் முகத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"டீ கேக்குறியா, திருடன மிரட்டுறியா? இங்கெல்லாம், ஒரு வாய் டீ கிடைக்குமான்னு கேக்கணும்டி."

அதைக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொள்ள முடியாதது வேறொன்று. காலையில் சுவேனாவே மருத்துவமனை வாசல்வரை கூட வருவாள். சாயங்காலம் அதே வாசலில் காத்து நிற்பாள். வீட்டு வெளிக்கதவின் சாவி அவள் இடுப்புத்துணி முடிச்சில் இருந்தது.

"எனக்கும் ஒரு சாவி குடுங்களேன்."

"உனக்கெதுக்கு? நான்தான் வீட்லயே இருக்கேனே."

குறை சொல்லவும் வழியில்லை. தேங்காய்ப்பால் மீன் வைத்தால் கொழுத்த துண்டெல்லாம் அவள் பக்கம்தான் நகரும். அறைக்கதவைச் சாத்தினால், உடம்புக்கு முடியவில்லையோ என்று நாலு பேர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். குளியலறையில் மட்டும்தான் யாரும் கூட வருவதில்லை. அதனால் மினாயோ நீண்ட நேரம் குளிக்க ஆரம்பித்தாள். தண்ணீரே ஊற்றாமல் சும்மா நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வந்ததில் கதவு திறந்து கிடந்தது. அவள் நழுவிவிட்டாள். தெருவோரப் பாய்களில் கிராம்பு காய்ந்துகொண்டிருந்தது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஊரில் ஆள் ஏற்றிப் போகும் மகாமேயின் வண்டி பக்கத்தில் வந்து நின்றது.

"சுவேனாம்மா வீட்டு விருந்தாளிதானே? வழி தவறிட்டீங்களா?"

"இல்ல, சும்மா நடக்குறேன்."

"சும்மாவா? எங்க?"

"எங்கயும் இல்ல."

வண்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பாவம், வீட்டு நினைப்பு வந்துருச்சு போல. ஏறும்மா, ஏறு."

கை பிடித்து ஏற்றினார்கள். நிறைந்திருந்த வண்டியை மகாமே அப்படியே திருப்பினான். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. சுவேனாவின் வாசலில் அவளை இறக்கிவிட்டபோது காசு வாங்கவும் மறுத்துவிட்டான்.

அன்று மத்தியானம் மினாயோ சாப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவே திரண்டு வந்து விசாரித்தது. ஹாரூபும் வந்தார்.

"என்ன குறைன்னு சொல்லுங்க, சரி பண்ணிடலாம்."

"ஒரு குறையும் இல்ல சார்" என்றாள்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து யாருக்கும் தெரியாமல் கிளம்பி, வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய்விட்டாள். சுவேனா அப்போது கதவைத் திறந்துபோட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணச் சமையலில் இருந்தாள். துறையில் காற்று பலமாக அடித்தது. படகு இன்று போகாது என்றார்கள். கல்மேடையில் உட்கார்ந்தாள். முன்னால் கடல், பின்னால் ஊர். இரண்டும் அவளை விடுவதாயில்லை.

கொஞ்ச நேரத்தில் சுவேனா வந்தாள், கையில் மூடிய சோற்றுப் பாத்திரத்தோடு. யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை, எல்லோரும்தான்.

"போறேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்." சுவேனா பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன செஞ்சேன் நான் உனக்கு?"

"எல்லாமே செஞ்சீங்க. என்னால மூச்சு விட முடியலம்மா. ஒரு தெருவையாவது நான் தனியா நடந்து பாக்கணும்."

"தனியா நடந்தா என்ன கிடைக்கும்?"

கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அப்பன் வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்கு வந்தவள். பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. இவளுக்கு எப்படி விளக்குவது என்று மினாயோவுக்குப் புரியவில்லை.

"தெரியல. ஆனா அது இல்லாம பைத்தியம் பிடிக்குது."

சுவேனா இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தா, வச்சுக்கோ. கதவ நீயே தொறந்துக்க. ஊரு வாயத்தான் என்னால பூட்ட முடியாது. முதல்ல சாப்பிடு."

மினாயோ சாப்பிட்டாள். பெட்டியோடு திரும்பினாள். சாவிக்காக மட்டுமல்ல, சொந்த நாட்டில் மறுபடியும் வேலை தேடி அலையும் தெம்பு அவளுக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு அவளே கதவைத் திறந்துகொண்டு கிளம்பினாள். வழிநெடுக, "எங்க, தனியா?" என்று கேட்டார்கள். "சும்மா, கடல்வரைக்கும்" என்று ஒவ்வொருவருக்கும் பணிவாகச் சொன்னாள். மகாமே வண்டியை மெதுவாக்கினான். அவள் கையசைத்து மறுத்ததும், மனமில்லாமல் ஓட்டிக்கொண்டு போனான்.

கடற்கரையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்தாள். ஒரு சுவாசம், இரண்டு சுவாசம். சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி நிமிர்ந்து பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

"ஒத்தையில உக்காந்திருக்கியேன்னு மனசு கேக்கல" என்றாள் முதல் பெண்.

மினாயோ கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, அவர்களுக்கு இடம் விட்டாள்.