ஒப்பீட்டுக்கு வந்தவர்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு துண்டுப் பிரசுரம். மூளையின் மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் வயதாக ஆக எப்படிக் கெட்டுப்போகின்றன என்று வருடக்கணக்காகப் பார்த்துவரும் ஓர் ஆய்வு. அதில் சேருகிறவர்களுக்குப் புரிகிற தமிழில் நாலு பக்கம் எழுதிக் கேட்டார்கள். 'இந்த ஆய்வு உங்களைக் கவனிக்கும். குணப்படுத்தாது' என்ற வரி வந்ததும் எனக்கு ஓடவில்லை. கூலிக்கு எழுதப் போய்க் கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்கள் எல்லாம் கற்பனை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: 'மூளைக்குள் வெள்ளைத் திட்டுகள் பனியைப் போல இறங்கி—'

வேண்டாம். குழாய் கெட்டுப்போன இடங்கள் ஸ்கேன் படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும், அவ்வளவுதான். பனியெல்லாம் என் பகட்டு.

இரண்டாவது தொடக்கம்: அவள் அந்த ஆய்வில் சோதனை எடுப்பவள். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்களை நடக்கவிட்டுப் பார்ப்பாள். தாளில் சிதறிக் கிடக்கும் வட்டங்களை ஒன்று, அ, இரண்டு, ஆ என்று எண்ணும் எழுத்துமாக மாற்றி மாற்றி இணைக்கச் சொல்வாள். இந்த நோய் ஞாபகத்தைவிட வேகத்தையும் இப்படி மாற்றி யோசிப்பதையும்தான் முதலில் கடிக்கும்.*

(இது தேவலை. இருக்கட்டும்.)

* 'ஆளுக்கு ஆள் மாறும்' என்று சேர்க்கச் சொன்னார் ஒரு டாக்டர் நண்பர். சேர்த்தாயிற்று.

3

அவளிடம் வருகிறவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நோய் அவருக்கு. அவளுக்கு 'செக்கிங்' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். கூட வருவது மனைவி, கணக்கு டீச்சராக இருந்தவர். கண்டக்டர் தடுமாறினால் பிடிப்பது, வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தருவது எல்லாம் டீச்சர். துணைக்கு வந்தவரைப் பார்த்து, ஒப்பிட நல்லா இருக்கிறவங்களும் வேணும் என்று அவரையும் ஆய்வில் சேர்த்துவிட்டார்கள்.

டீச்சர் இதைப் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டார். வீட்டில் தாள் தாளாக வட்டம் போட்டுக் கணவருக்குப் பயிற்சி. கண்டக்டர் வருஷா வருஷம் பிய்த்து உதறினார். நடை தளர்கிறது, மதிப்பெண் ஏறுகிறது. ஆய்வாளர்கள் மண்டையைச் சொறிந்தார்கள். விஷயம் தெரிந்து கண்டிக்கப் போன செக்கிங் சிரித்துவிட்டாள். ஃபெயிலானால் இவரைக் கழற்றிவிட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன் என்றாராம் டீச்சர்.

(டீச்சரை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போயிற்று. எழுதுகிறவனுக்குப் பிடித்தவர்கள் கதையில் நல்லபடியாக இருப்பதில்லை.)

4

இந்த வருடம் பென்சில் நின்றுவிட்டது. கண்டக்டருடையது இல்லை, டீச்சருடையது. மூன்று வரை வந்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரே போட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்த கணக்கு. கதவோரம் நின்ற கண்டக்டர் பொறுக்கமாட்டாமல் 'இ' என்று எடுத்துக்கொடுத்தார்.

“காப்பி அடிக்கக் கூடாதுங்க,” என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

காலையில் எடுத்த ஸ்கேனைப் பார்த்த ஆய்வு டாக்டரும் செக்கிங்கிடம் அதையே சொன்னார். கணவரைவிட மனைவிக்குத்தான் இந்தமுறை திட்டுகள் கூடியிருக்கின்றன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. உடனடி ஆபத்து இல்லை, அதனால் டீச்சர் சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்றார்.

டீச்சர் என்ன சொல்லியிருந்தார்? சேரும்போது இருவரையும் கேட்டிருந்தார்கள், முடிவை யாரிடம் சொல்லலாம் என்று. என் சம்சாரத்திடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றார் கண்டக்டர். டீச்சர் மறுத்துவிட்டார்.

“எனக்கும் வேண்டாம், இவருக்கும் வேண்டாம். தெரிஞ்சா, என்னைத் தாங்கறேன்னு இவர் போய் விழுந்து வைப்பார்.”

செக்கிங் இருவருடைய கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். பிடிக்கிற கையே தளர்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதானே விழ வேண்டும்?

5

முதல் முடிவு: விதிமுறையாவது ஒன்றாவது என்று அவள் கண்டக்டரிடம் சொல்லிவிடுகிறாள். கண்டக்டர் அழுகிறார். எழுதும்போது நானும் அழுதேன். அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன். டீச்சரின் பேச்சுக்கு என் கதையிலாவது மரியாதை வேண்டாமா?

இரண்டாவது முடிவு: அவள் மென்று விழுங்கிவிட்டு, அடுத்த வருடத் தேதியைக் கொடுத்து, இருவரும் படியிறங்கி—

முடியவில்லை. அந்த வீட்டுக்குள் அவர்களை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. விலகி நின்று எழுதுகிறேன் என்று பேர்தான்.

சரி, கண்டக்டரே பேசட்டும் என்று விட்டேன். டீச்சர் லிஃப்டைக் கூப்பிடப் போன நேரம் பார்த்து அவர் செக்கிங்கின் மேஜையருகில் வந்தார்.

“அவளுக்கு என்னன்னு கேக்கமாட்டேம்மா. நீங்க சொல்லக்கூடாது, தெரியும். ஒண்ணே ஒண்ணு. நாளையிலேருந்து மாத்திரைய நானே எடுத்துப் போட்டுக்கட்டுமா?”

ஆமாம் என்றால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். வேண்டாம் என்றால் பொய், அதுவும் டீச்சர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் ஆளைக் கொல்லக்கூடிய பொய். பேசாமல் இருக்கவும் வழியில்லை. ஆயுசு முழுக்க முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்த மனுஷர் அவர்.

என் சாமர்த்தியம் இவ்வளவுதான். லிஃப்ட் வந்துவிட்டது. டீச்சர் அதன் கதவைக் கையால் பிடித்தபடி கூப்பிடுகிறார். கண்டக்டர் நகரவில்லை. செக்கிங் என்னைப் பார்த்து அலுத்து, இப்போது உங்களைப் பார்க்கிறாள். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். டீச்சர் காதில் விழாமல், மெதுவாக.