குடைக்குக் கீழே தூங்கிய தேனீ

மாலை நேரப் புகைப்பட வகுப்பில் வரும் செவ்வாய்க்கிழமை ஆளுக்கொரு படம் சுவரில் மாட்ட வேண்டும். என்னிடம் மாட்டும்படி ஒன்றும் இல்லை. நான் எடுக்க நினைத்தது பம்பிள் தேனீயை. குண்டாக, உடம்பெல்லாம் ரோமத்தோடு, சோம்பேறி போலத் தெரியும். லென்ஸை அருகே கொண்டுபோனால் அடுத்த பூவுக்குப் போய்விடும். எல்லாப் படமும் மங்கல். கோடை முடியும் நாட்களில் ஆண் தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பாமல் பூவிலேயே படுத்துவிடும், விடியற்காலைக் குளிரில் அசையாது, அப்போது எடுத்துப் பார் என்றார் ஆசிரியை.

பக்கத்து வீட்டு வில்ஃபின் தோட்டத்தில் ஒற்றை அடுக்கு டேலியாக்கள் உண்டு. மலர்ப் போட்டிக்கு வளர்ப்பவை. மழை படாமலிருக்க ஒவ்வொரு பூவுக்கு மேலும் ஒரு பழைய குடையைக் கம்பில் கட்டியிருப்பார். "பூவையோ குடையையோ தொடாம எடுத்துக்க" என்று அனுமதி தந்திருந்தார்.

சனிக்கிழமை விடியலில் போனேன். ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே, சிவப்பு டேலியாவின் மஞ்சள் நடுவில், ஒருவன் படுத்திருந்தான். முக்காலியை விரித்தேன். கேமரா அளவுகளைச் சரிபார்த்தேன். சந்தேகம் வந்து மறுபடியும் பார்த்தேன். குடை நிழலில் வெளிச்சம் போதவில்லை. காத்திருந்தபோது வில்ஃப் கத்தரியுடன் வந்தார்.

"நகரு கண்ணு. மூணு பூ வெட்டணும்."

"போட்டி நாளைக்குன்னுல்ல நெனச்சேன்?"

"நீ நெனச்சுக்கிட்டே இரு, ஐவி. இன்னிக்குத்தான்."

"இத விட்டுட்டு வேற பூ வெட்டக்கூடாதா?"

"மூணும் ஒரே அளவுல இருக்கணும். இது இல்லாம போனா, போட்டிக்கு வர்ற அந்த டொரீன் என்னைப் பாத்து பல்லக் காட்டிச் சிரிப்பா."

தேனீயைத் தட்டிவிட விரலை நீட்டினார். புல் முழுக்கப் பனி. விரல் அப்படியே நின்றது.

"கீழ விழுந்தா பொழைக்குமா?" என்றேன்.

"இந்தக் குளிர்லயா? சந்தேகம்தான். எப்படித் தூங்குறான் பாரு, வாடகை குடுத்தவன் மாதிரி." பெருமூச்சு விட்டார். "பூவோடயே ஏத்து. கார்ல ஹீட்டரப் போட்டா எழுந்துடுவான். பூச்சியோட வெச்சா நடுவர் மார்க்கக் குறைச்சிடுவாரு, போறதுக்குள்ள எழுப்பியாகணும்."

காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டிய மூன்று பூவும் இருந்த குவளையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, பூக்கள் ஒன்றோடொன்று இடிக்காதபடி இரண்டு கையாலும் காம்புகளைப் பிடித்துக்கொண்டேன். கேமரா கழுத்தில் தொங்கியது.

வழியிலிருந்த ஆலையைத் தாண்டியதும் தேனீயின் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. தன்னைத் தானே சூடேற்றிக்கொள்கிறது. ஜன்னல் வழியாக வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரிந்தது. முன்காலால் முகத்தைத் துடைத்தது.

"எழுந்துட்டான்! எடு, எடு!"

"கையை விட்டா பூ இடிச்சுக்கும். நீங்க ரோட்டப் பாருங்க."

வில்ஃப் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "கெடக்கான்" என்றார். ஒரு கையை விட்டிருக்கலாமோ என்னவோ, இப்போதும் தெரியவில்லை. நான் விடவில்லை. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தேனீ என் காதருகே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போனது.

வில்ஃபுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு டொரீனுக்கு.

"ஜெயிச்சவ ஏன் என் பூவையே மொறைச்சுக்கிட்டு நின்னா?" என்று திரும்பும் வழியெல்லாம் சிரித்தார்.

போட்டி முடிந்தால் அன்றே குடைகளை மடித்துவிடுவது அவர் வழக்கம். சாயங்காலம் பார்த்தபோது ஒன்று மட்டும் விரிந்தபடி நின்றது. வேலிக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"ஒருத்தன் வந்து படுத்திருக்கான், உள்ள. காலையில கத்தரி வராது, நான் தூங்கப்போறேன்."

"சரி, வில்ஃப். எதையும் தொடாம எடுக்கறேன்."

"வெளிச்சம் பத்தலைன்னா குடையக் கழட்டிடு" என்றார்.