சோப்புத் தண்ணீர் பற்றிய அறிக்கை

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் காலிக் கட்டத்தில் பிறந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது. அதற்கு மூன்றாம் பகுதிவரை பொறுக்க வேண்டும்.

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் நான் தரப் பிரிவு இன்ஜினியர். வண்டியில் குறை வந்தால் ‘வொய்-வொய்’ என்றொரு படிவம் நிரப்புவோம். ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ‘ஏன்?’. ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் உண்மை வந்துவிடும் என்பது எங்கள் மதம். அந்த உண்மையில் மேலாளர் யாருடைய பெயரும் வந்துவிடக் கூடாது என்பது அதன் ஆகமம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

(காற்றைச் சிறைப்பிடிக்கத் துணிந்த மனிதனின் ஆணவமே டர்போ. செம்பரம்பாக்கம் ஏரியின் மீது செந்நிறமாய் விடிந்த அந்தக் காலையில்—)

வேண்டாம். டர்போவுக்கு ஆணவமெல்லாம் கிடையாது. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுற்றும் சின்ன விசிறி அது. சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். அந்தக் காற்று வழியில் கசிந்தால் வண்டி இழுக்காது. ஏரி அன்றைக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

2

பதினோரு வண்டிகள் திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, விசில் சத்தம் கேட்கிறது. தண்டலம் பக்கத்து சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகினார்கள். ‘பூஸ்ட் போதவில்லை’ என்றது. அதைத்தான் வாடிக்கையாளரும் சொன்னார், கம்ப்யூட்டர் இல்லாமல். எங்கள் மேலாளர் ராஜசேகர் சார் டர்போவை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள், இழுக்கவில்லை. சென்சாரை மாற்றினார்கள், இழுக்கவில்லை. பிறகு என்னையும் சேர்த்து எட்டுப் பேர் கொண்ட குழு அமைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.*

* பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள். இது சோகக் கதை.

எட்டுப் பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அந்தச் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருக்கும் யாக்கோபு அண்ணன் எங்களை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார். காற்று நுழையும் வாயை அடைத்து, கம்ப்ரசரிலிருந்து உள்ளே காற்றை ஏற்றினார். வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி ஒவ்வோர் இணைப்பிலும் தெளித்தார். டர்போவின் காற்றைக் கொண்டுபோகும் ஒரு ரப்பர் ஹோஸின் வாயில் குமிழ் குமிழாய் நுரை பொங்கியது.

“இன்னா சார், எட்டு பேரு சேர்ந்து ஒரு பஞ்சர் பாக்க முடியல? ஹோஸு நழுவிக்கினு கீது பாருங்க. கிளாம்ப்பு டைட்டாத்தான் கீது. உள்ள இன்னாத்தையோ தடவி மாட்டிக்கீறாங்க.”

கிளாம்ப் வளையத்தைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றி, உட்புறத்தை விரலால் வழித்து முகர்ந்தார்.

“இதுவும் சோப்புதான் சார்.”

(சோப்பால் வந்த குறையைச் சோப்பே காட்டிக்கொடுத்தது. கதை எழுதுகிறவனுக்கு இப்படியொரு பொருத்தம் அமைந்தால் கொண்டாட்டம். நான் மற்ற ஏழு பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.)

3

ஏனென்றால் அந்தச் சோப்பு என்னுடையது.

டிசம்பர் மாதம், முதல் ஷிஃப்ட். குளிரில் ரப்பர் விறைத்திருந்தது. எங்கள் தொழிற்சாலை லைனில், ஸ்டேஷன் பதினான்கில் இசைவாணி ஹோஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயது, டிரெய்னி, பர்மனென்ட் ஆக இரண்டு மாதம் பாக்கி. ஒரு வண்டிக்கு அவளுக்கு அறுபத்திரண்டு நொடி.

“சார், உள்ளயே போவ மாட்டேங்குது சார். கட்ட வெரலு பாருங்க, தோலு உரிஞ்சிகினு வருது.”

“சோப்புத் தண்ணி தொட்டுப் போடும்மா,” என்றேன். நின்றுகூடச் சொல்லவில்லை, நடந்துகொண்டே சொன்னேன்.

மறுநாள் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். “எப்பிடி சார் நம்ம மிஷினு?” என்று ஆட்டிக் காட்டினாள். ஆடிட் நாளில் மட்டும் அதை ரேக்குக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். அதையும் ஒழுங்காகச் செய்தாள்.

4

விசாரணைக்கு அவளை லைனிலிருந்து கூப்பிட்டார்கள். ராஜசேகர் சார் புரொஜெக்டரைப் போட்டார். “ஆழமாப் போவோம். வேர் வரைக்கும் போவோம்,” என்று நாற்காலியில் சாய்ந்தார். “சோப்பு போடச் சொன்னது யாரும்மா?”

இசைவாணி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

“யாரும் சொல்லல சார். நானாத்தான்.” பிறகு அவளே, “சீக்கிரமா காஞ்சி போற தண்ணி எதுனா குடுத்தீங்கன்னா நழுவாது சார். இது உள்ளயே வழவழன்னு நிக்குது.”

“உன்கிட்ட யோசனை கேக்கலம்மா.”

இங்கேதான் எனக்குச் சிக்கல். கதாபாத்திரமாக இவளை நம்ப முடியவில்லை. ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? (தியாகம் என்று எழுதி அடித்தேன். பயம் என்று எழுதி அடித்தேன். ஒருவேளை என்மேல் அவளுக்கு— சீ.) நல்லவேளை, கற்பனை தேவைப்படவில்லை. அறைக்கு வெளியே அவளே சொன்னாள்:

“உங்களையும் மாட்டி வுட்டுட்டா எனக்கு யாரு சார் பேசுவாங்க? நீங்க பேசுவீங்கன்னுதான்.”

மூன்றாவது ‘ஏன்’ கட்டத்தில் எழுதினேன்: ‘ஊழியர் அனுமதியின்றிச் சோப்புத் தண்ணீர் பயன்படுத்தினார்.’ அந்தப் படிவம் பெயர் கேட்பதில்லை. இருந்தும் அடைப்புக்குறிக்குள் அவள் பெயரை எழுதினேன். நான்காவது, ஐந்தாவது: ‘பொருந்தாது’. அறிக்கை மூடப்பட்டது.

5

முடிவு அ: நான் எழுந்து, “நான்தான் சார் சொன்னேன்” என்கிறேன். ராஜசேகர் சார் கண் கலங்குகிறார். (கண் கலங்கும் ராஜசேகரை உருவாக்கும் அளவுக்கு எனக்குத் திறமை போதாது.)

முடிவு ஆ: பல மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்க்கிறேன். “போனது போவட்டும் சார்” என்று சிரித்து— (இது அவளுடைய முடிவு இல்லை. எனக்கு வேண்டிய முடிவு.)

நடந்தது: அடுத்த வாரம் கம்பெனி கேட்டில் அவளுடைய அடையாள அட்டைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. சுடிதாரில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாளாம். பதினான்கில் இப்போது சீக்கிரம் காயும் திரவம் இருக்கிறது, லேபிள் ஒட்டிய பாட்டிலில். அந்த யோசனைக்காக எனக்கு ஒரு சான்றிதழும் ஹாட்பாக்ஸும் தந்தார்கள். எங்கள் வீட்டில் சப்பாத்தி சூடாக இருக்கிறது.

போன வாரம் போன் செய்தாள். நாலு கம்பெனியில் தேர்வாகி, நாலிலும் பழைய கம்பெனியில் விசாரித்து, அறிக்கையில் அவள் பெயர் இருப்பது தெரிந்ததும் நின்றுவிட்டதாம்.

“வேலை கூட வேணாம் சார். அந்த ரிப்போர்ட்ல என் பேரு மட்டும் எடுத்துட்டீங்கன்னா போதும்.” வைக்கும் முன் கேட்டாள்: “பதினாலுல இப்ப யாரு சார் நிக்கிறா? கையி உரியாம பாத்துக்கச் சொல்லுங்க.”

“பாக்கறேம்மா,” என்றேன்.

6

மூடிய அறிக்கையை மூடியவர்தான் திறக்க முடியும். திறந்தால் ஒரு காலிக் கட்டம் காரணம் கேட்கும். ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குப் பதிலாக இவ்வளவு எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்தில் நடை நன்றாக வந்திருக்கிறதே என்று மகிழ்ந்தும்விட்டேன்.

இம்மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவர் நழுவிவிடலாம். ஆனால் உங்களிடம் பாஸ்வேர்டு இல்லை. என்னிடம் இருக்கிறது.

கதையில் அவள் பெயரை மாற்றிவிட்டேன். அறிக்கையில் இன்னும் மாற்றவில்லை.