சாய்ந்த கல்லின் உயரம்

"ஏணியை மடக்குங்க அண்ணி. உங்க கல்லு தோத்துப்போச்சு."

கொழுந்தன் அளவு நாடாவைச் சர்ரென்று உள்ளே இழுத்தான். வீட்டில் அவன் செல்லப்பிள்ளை. இங்கே புதுச் சாலையின் பொறியாளன். அண்ணி தொல்லியல் துறையில் வரைபடம் போடுகிறவள். எழுத்தே பிறக்காத காலத்தில் யாரோ நட்டுவிட்டுப் போன குத்துக்கற்களை வட்டாரம் முழுக்கத் தேடித் தேடி, எது நெட்டை, எது குட்டை, எது தடியன் என்று அளந்து ஒப்பிட்டவள். அளக்க மிச்சம் இருந்தவை இந்த இரண்டும்தான்.

மேட்டில் ஒன்று, கீறல் இல்லாமல் விறைப்பாக. பள்ளத்தில் ஒன்று, யாருடைய தோளையோ தேடுவதுபோல் சாய்ந்து. சாலை இரண்டில் ஒன்றின் மேல்தான் போயாக வேண்டும். பெரியது நின்ற இடத்தில் நிற்கட்டும், சிறியதைப் பெயர்த்து அருங்காட்சியக வாசலில் வையுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. சாய்ந்த கல்லின் இடுப்பில் ஒரு விரிசல் ஓடியது. கிரேன் கொக்கி பட்டால் வாசல் போய்ச் சேராது. இரண்டு துண்டாக லாரியில் கிடக்கும்.

"எப்படி அளந்தே?"

"உச்சியிலேர்ந்து தூக்குக்குண்டு விட்டு, நேர்கீழே தரை வரைக்கும்."

"உங்கண்ணன் மத்தியானம் சோபாவுல சாய்ஞ்சு கெடப்பாரே. அவர் உயரத்தையும் மூக்கு நுனியிலேர்ந்து குண்டு விட்டுத்தான் அளப்பியா?"

கிரேன் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கொழுந்தன் ஏணியில் ஏறி, கல்லின் முதுகோடு நாடாவை ஓட்டினான்.

"இப்பவும் மேட்டுக்கல்லுக்கு ஒரு சாண் கம்மி. விட்டுடுங்க அண்ணி."

ஒரு சாண். வேறு யாராயிருந்தாலும் தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். அவளோ கல்லின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வட்டாரத்தில் அவள் அளந்த ஒவ்வொரு குத்துக்கல்லைச் சுற்றியும் சின்னக் கற்களால் ஒரு வளையம் உண்டு. நட்டவர்களின் தரை அதுதான். மேட்டுக்கல்லுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. இங்கே வெறும் மண். பள்ளத்துக்கு மழை அடித்துக்கொண்டு வந்த மண்.

"மேட்டுல வளையத்திலேர்ந்து அளந்தே. இங்கே?"

"தரையிலே..." பாதியில் நிறுத்தினான்.

"சேத்துல நிக்கிறவனை முழங்காலுக்கு மேல அளந்துட்டுக் குள்ளன்னு சொல்றே. மண்வெட்டியைக் கொடு. குத்துக்கல்லாட்டம் நிக்காதே."

"வளையம் இல்லேன்னா?"

"கொக்கியை நானே மாட்டி விடறேன்."

மண்வெட்டியை அவன் கொடுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவனே இறங்கினான். கறுப்பு மண் போய்ச் சிவப்பு மண் வந்தது. ஒரு சாண் ஆழத்தில் ஒன்றுமில்லை. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான்.

"இன்னும்" என்றாள். "மெதுவா."

ணங்.

வளையமா, வழிதவறி வந்து புதைந்த ஒற்றைக் கல்லா? அவன் மண்டியிட்டு விரல்களால் மண்ணை வழித்தான். ஒரு கல். அதன் தோளை ஒட்டி இன்னொன்று. வரிசை மெல்ல வளைந்து மண்ணுக்குள் போயிற்று.

அவள் குழிக்குள் குனிந்து நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். கொழுந்தன் ஏணியேறினான். டிரைவர் இன்ஜினை அணைத்தார். மஞ்சள் நாடா சாய்ந்த முதுகோடு, விரிசலைத் தாண்டி, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.