சில்லு உட்கார்ந்த வகுப்பு

அந்த ஆண்டு கோடையில் நகரசபைப் பள்ளியின் எல்லா வகுப்புகளும் கொதித்தன, ஐந்தாம் வகுப்பு மட்டும் குளிர்ந்தது. கூரை அதே தகரக் கூரை, ஜன்னல் அதே மேற்குப் பார்த்த ஜன்னல், மின்விசிறிகூட மற்ற அறைகளில் போலவே முனகி முனகித்தான் சுற்றியது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தவர்களுக்கு முதுகில் ஒட்டியிருந்த சட்டை தானாக விட்டுக்கொண்டது. தரைக்கடியில் பழைய கிணறு இருக்கும் என்றார்கள் சிலர், சுவரில் குழாய் கசிகிறது என்றார்கள் சிலர். மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒரு சிறுமி காதுவலி என்று ஒரு வாரம் வராமல் இருந்தபோது அந்த அறையும் கொதித்தது. அவள் திரும்பி வந்ததும் ஆறியது. தலைமையாசிரியை அவளை ஒருநாள் இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துப் பார்த்தார். குளிர் அவளோடு கிளம்பிப் போய் அங்கே உட்கார்ந்தது. பிள்ளைகள் அவளுக்குச் சில்லு என்று பெயர் வைத்தார்கள், கொஞ்ச நாளில் ஆசிரியர்களுக்கும் அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோயிற்று.

சில்லுவின் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை நீராவித் தேய்ப்பு இயந்திரத்தில் கொடுத்து எடுப்பவள். தலைமையாசிரியை கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னபோது அவளுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு நிறைமாதம் வரைக்கும் அந்த இயந்திரத்தின் முன்னால்தான் நின்றிருந்தாள். அங்கே வெக்கையைக் குடிக்கப் பழகிய பிள்ளை இங்கேயும் குடிக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் மற்றப் பெண்களின் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதிப்பார்கள்.

பள்ளிகளுக்கு ஏசி போடுவதா வேண்டாமா என்று அந்த ஊர் மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முடிதிருத்தும் கடையில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள், ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இதைப் பேசப் போய்ச் சாப்பிடாமல் கலைந்தார்கள். நாங்களெல்லாம் வெயிலில் படிக்கவில்லையா, செத்தா போய்விட்டோம் என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். அப்போது அடித்தது இந்த வெயிலா என்று கேட்டவர்கள் மறுபக்கம். சளி பிடிக்கும், சோம்பல் வரும், வீட்டுக்குப் போனால் அங்கே யார் ஏசி போட்டுக் கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. மயங்கி விழுந்த பிள்ளைகளின் கணக்கை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கூட்டத்துக்குக் கூட்டம் படித்தார். நகரசபை மண்டபத்தில் ஏசி நன்றாக வேலை செய்ததால் உறுப்பினர்கள் சால்வை போர்த்திக்கொண்டு கேட்டார்கள். சில்லுவின் சங்கதி காதில் விழுந்ததும் தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் இருக்கிற வசதியை முதலில் பயன்படுத்திப் பார்ப்போம் என்றார். கைகள் மளமளவென்று உயர்ந்தன. ஏசிப் பேச்சு ஒத்திவைக்கப்பட்டது.

அப்படித்தான் சில்லு முறை போட்டு எல்லா வகுப்பிலும் உட்கார ஆரம்பித்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். அவள் வெளியேறியதும் பின்னாலேயே வெக்கை நுழையும், பிள்ளைகள் ஜன்னல் வழியே அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடித்த வெக்கை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அவள் சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. அம்மா ஈர விரிப்பை அவள்மேல் போர்த்தினால், எடுக்கும்போது அது சுருக்கமில்லாமல் மொடமொடவென்று இருக்கும். பகலெல்லாம் தன் கையால் செய்கிற வேலை அது. வீட்டில் பிள்ளையின் உடம்பு செய்துகொண்டிருந்தது.

அப்பா பஸ் ஓட்டுகிறவர், யாரோடும் வம்பு வைத்துக்கொள்ளாதவர். "நல்ல காரியம்தானே. இவளால எத்தனை புள்ளைங்க படிக்குது" என்றார்.

"உங்க பஸ்ல சீட் கிடைக்காதவங்களை எல்லாம் மடியில உக்கார வச்சா ஓட்டுவீங்க?" என்றாள் அம்மா.

 அதற்குப் பின் சில்லுவைக் காலையில் பள்ளியில் விடுவதை அவரே செய்தார், பையையும் அவரே சுமந்தார்.

பரீட்சையில் சில்லு எல்லாப் பாடத்திலும் தோற்றாள். எல்லா வகுப்பின் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் அவளுக்குத் தெரிந்திருந்தது, எதிலும் முழுதாக ஒன்று தெரியவில்லை. செய்யுள்களில் முதல் இரண்டு அடி, பின்னத்தில் மேலே உள்ள எண், விதை முளைத்து மண்ணைப் பிளக்கும் வரைக்கும். அம்மா விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சில்லு பக்கத்தில் வந்து கேட்டாள்: "ரெண்டாங் கிளாஸ்ல ஒரு ராஜா சண்டைக்குக் கிளம்புனாரும்மா. அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு. அவர் ஜெயிச்சாரா தோத்தாரா?" அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது. அவளும் பாதியில் நின்றவள்தான்.

மதிப்பெண் பார்க்காமல் சேவையைப் பார்த்துத் தேர்ச்சி போடலாம், மேடையில் ஒரு பதக்கமும் கொடுக்கலாம் என்று சபை சொல்லி அனுப்பியது. அம்மா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். குளிரில் அவளுக்குக் கை மரத்தது. தலைவர் பேசச் சொன்னதும் எழுந்தாள்.

"எம்பொண்ணை அனுப்ப மாட்டேன்னு சொல்லலைங்க. ஒரு பாடத்தை முழுசா கேக்க விடுங்க. ஒரே கிளாஸ்ல இருக்கட்டும்."

"நீங்க உங்க ஒரு பொண்ணைப் பாக்குறீங்கம்மா. நாங்க எல்லாப் புள்ளைங்களையும் பாக்கணும்ல."

"பாருங்க. பாத்து ஏசி போடுங்க."

டாக்டரம்மா மட்டும் மேசையைத் தட்டினார். மற்றவர்கள் சால்வையைச் சரிசெய்துகொண்டார்கள். பரிசீலிக்கிறோம் என்றார் தலைவர். மறுநாளிலிருந்து அம்மா சில்லுவைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினாள்.

வெயில் காத்துக்கொண்டிருந்தது போல உள்ளே புகுந்தது. மூன்றாம் வகுப்பில் பென்சில்கள் வளைந்தன. கரும்பலகையில் எழுதிய எழுத்துகள் மத்தியானத்துக்குள் ஒழுகித் தரைக்கு வந்தன, பெருக்குகிறவர் அள்ளிக் கொட்டினார். மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், தையற்காரியின் மகனுக்கு ஆஸ்பத்திரியில் நினைவு திரும்ப ஒரு நாள் ஆயிற்று. அவன் படுத்திருந்த விரிப்பு தன் இயந்திரத்துக்கு வந்திருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஊர் சபையை ஒன்றும் சொல்லவில்லை. அவளைத்தான் சொன்னது. கல்நெஞ்சுக்காரி என்றது, பிள்ளையைப் பூட்டி வைத்துத் தனியாகக் குளிர் அனுபவிக்கிறாள் என்றது. கடையில் அவளுக்குச் சில்லறை கைக்குத் தராமல் பலகையில் வைத்தார்கள். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது தையற்காரி வந்தபோதுதான். அவள் சண்டைக்கு வரவில்லை, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நீயும் பெத்தவதானே" என்றாள்.

"ஆமா. அதனாலதான் சொல்றேன், சபையில போய்க் கேளு."

"அங்க கேட்டா வருஷக்கணக்கா இழுக்குது. இங்க கேட்டா உடனே கிடைக்குது. வேற எங்க போகட்டும், நீயே சொல்லு."

சில்லுவின் அம்மா நகர்ந்து படியில் அவளுக்கு இடம் விட்டாள். கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பெண்களும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து சில்லு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தையற்காரி போனதும் வெளியே வந்து, "நான் போறேம்மா. ஆனா அஞ்சாங் கிளாஸை விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். பள்ளிக்குப் போகாத இந்த நாட்களில் அது மற்றப் பிள்ளைகளின் கையைப் போல வெறும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கையை விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. விட்டாள்.

மறுநாள் முதல் மணி அடித்தது, சில்லு எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை வந்து அழைத்தார், கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தார். "இந்தப் பாடம் முடியட்டும் டீச்சர்" என்றாள் சில்லு. பெஞ்சோடு சேர்த்துத் தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பின்னால் நான்காம் வகுப்பு வந்தது, ஒன்றாம் வகுப்பு வந்தது, பெரிய வகுப்புகள் கூச்சப்பட்டுக்கொண்டே வந்தன. பள்ளி முழுவதும் அந்த ஒரு அறைக்குள் இருந்தது. அத்தனை பேரையும் எப்படிக் கொண்டது என்று பிறகு கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்தார்கள். சுவர்கள் நான்கு பக்கமும் தள்ளிப்போயிருப்பதாகவும் தாழ்வாரம் அந்த அளவுக்கு ஒடுங்கியிருப்பதாகவும் அவர் சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். வேறு வழியில்லாததால் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தன் பாடத்தை எல்லோருக்கும் நடத்தினார், மற்ற ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த வருடம் அந்தப் பள்ளியில் எல்லோரும் ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்தார்கள். அந்த வயதுக்காரர்கள் இன்றைக்கும் பின்னத்தில் தவறுவதில்லை, அதற்கு முன்னும் பின்னும் அவர்களுக்குச் சில ஓட்டைகள் உண்டு. சில்லு தேர்ச்சி பெற்றாள். அவ்வளவு வெக்கையைக் குடித்ததில் அந்த வருடம் அவள் உயரம் கூடவில்லை, அதற்குப் பிறகும் அதிகம் கூடவில்லை.

ஏசி வந்தது. சில்லு பெரிய பள்ளிக்குப் போய் ஒரு வருடம் கழித்து வந்தது. முதலில் அலுவலக அறைக்கு, பிறகு பொருட்கள் வைக்கிற அறைக்கு, கடைசியில் வகுப்புகளுக்கு. மின்சாரம் இருக்கும்போது சில ஓடின. பெரிய பள்ளியில் ஏசி கிடையாது, அதற்கான பேச்சை அதே ஆட்கள் அதே கேள்விகளோடு முதலிலிருந்து தொடங்கினார்கள், இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தலைவர் இறந்துவிட்டார், டாக்டரம்மா ஓய்வு பெற்றும் கூட்டத்துக்குப் போகிறார். அம்மாவுக்குச் சலவைக்கூடத்து நீராவியில் ஒரு கண் மங்கிவிட்டது.

சில்லு இப்போது பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். பக்கத்துக் கவுண்டர் காலியாகக் கிடந்தாலும் அவள் கவுண்டரில்தான் கூட்டம் நிற்கும். டிக்கெட் வாங்கினவர்களும் நகர மாட்டார்கள், கைக்குழந்தைக்காரிகள் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், சிலர் எந்த ஊருக்கும் போகிறவர்கள் அல்ல. அவள் யாரையும் விரட்டுவதில்லை. ஐந்து மணிக்குக் கவுண்டரின் பலகையைச் சாத்துவாள், இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா என்று யாராவது கேட்டால், "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். அவள் படியிறங்கியதும் வெக்கை திரும்ப வரும். ஜனங்கள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரவர் பஸ்ஸைத் தேடிப் போவார்கள்.