நடுத்துளை

கராஜ் வாசலின் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியதுதான் தாமதம், ஸ்டியரிங்குக்கு முன்னால் எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. மெக்கானிக் பேரின்பநாதன் ஸ்டியரிங்கில் ஓங்கி அறைந்தார். ஹோர்ன் அலறியதில், பக்கத்துக் காரின் அடியில் படுத்திருந்த முதலாளி வசீகரன் நெற்றியை இடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணை, என்னைக் கொல்லப் போறியளோ?"

"உன்னை இல்லையடாப்பா, இந்தக் காரை."

கார் நிருஷாவினுடையது. விடியற்காலை ஆறு மணிக்கு அவள் லவாலில் உள்ள முதியோர் இல்லத்தில் வேலைக்கு நிற்க வேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து பஸ்ஸை நம்பிப் போனால் அது நடக்காது. எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேரின்பநாதன்தான். சொன்னபடியே மார்ச்சில் ஒன்று, இந்தக் கிழமை ஒன்று என்று அவளும் இரண்டு தடவை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினாள், இரண்டு தடவையும் வேலைக்குப் பிந்தினாள். இனியொரு தடவை பிந்தினால் வேலை இல்லை என்று இல்லத்தை நடத்தும் மதாம் கடிதம் கொடுத்துவிட்டாள். நாலு மணிக்கு நிருஷா காரை எடுக்க வருகிறாள். இப்போது இரண்டரை.

காலையிலிருந்து அவர் செய்யாத சோதனை இல்லை. அழுத்தத்தை அளக்கும் சென்சர் இருந்த இடத்தில் முள் வைத்த அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தாயிற்று. அழுத்தம் திறமாக இருந்தது. ஆகவே எஞ்சினில் குற்றமில்லை. சென்சரோ அவர் கையால் போட்ட புதுச் சாமான். மிச்சம் வயர். அதன் முனையில் மூன்று துளையுள்ள செருகி. முதல் துளையில் ஐந்து வோல்ற் வர வேண்டும், வந்தது. கடைசித் துளை ஏர்த், அதுவும் சரி. சென்சர் சொல்வதைக் காரின் கணினிக்குக் கொண்டுபோகும் நடுத்துளையின் வயர் எங்கும் அறுந்திருக்கவில்லை. கழற்றி வைத்து வோல்ற் அளக்கும் மீற்றரின் ஊசியால் குத்தினால் எல்லாம் சுகம். பூட்டிக்கொண்டு பக்கத்து வில்லரே வட்டாரத்தின் பின்சந்துக் குழிகளில் இரண்டு தரம் விழுந்தெழும்பினால் விளக்கு.

"இன்னொரு சென்சரைப் போட்டுப் பாருங்கோவன்," என்றான் வசீகரன், நெற்றியைத் தடவிக்கொண்டு.

"போட்டு? நாளைக்கு அவள் திரும்ப றோட்டில நிக்கவோ? உன்ர வாயைக் கொஞ்சம் சும்மா வச்சிரு."

வேறு வழி தெரியாமல் கொப்பியை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கொப்பி எழுதிய முறையிலேயே ஒவ்வொரு காருக்கும் எழுதுகிறவர் அவர்: முறைப்பாடு, செய்முறை, அவதானம், முடிவு. முறைப்பாட்டை வாடிக்கையாளர் சொன்ன சொல்லிலேயே எழுதுவார்.

சனவரியில் எழுதியது: 'எஞ்சின் நல்லாச் சூடாகினாப் பிறகுதான் எரியுது.' முடிவு: சென்சர் பழுது, மாற்றப்பட்டது.

மார்ச்சில் எழுதியது: 'குழியில விழுந்தா எரியுது.' முடிவு: செருகி இறுக்கப்பட்டது. குழி பார்த்து ஓட்டும்படி சொல்லப்பட்டது.

சொன்னதென்ன, நாலு பேர் கேட்க ஏசியே விட்டிருந்தார்.

இரண்டு முறைப்பாட்டையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஒரே விளக்குத்தான், ஆனால் ஒரே நோயில்லை. சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் அந்தச் செருகியைத் தொட்ட கை ஒன்றே ஒன்று. சனவரிச் செய்முறையில் அதுவும் எழுதியிருந்தது, அவருடைய நல்ல கையெழுத்திலேயே: 'மூன்று துளையிலும் மீற்றர் ஊசி செலுத்திப் பார்க்கப்பட்டது.'

மீற்றர் ஊசி தடித்தது. துளைக்குள் நுழையும் சென்சரின் கால் மெல்லியது.

பெட்டியில் கிடந்த பழைய சென்சரின் கால் ஒன்றைக் குறட்டால் பிடுங்கி, செருகியின் முதல் துளையில் விட்டு இழுத்தார். இறுகப் பிடித்தது. கடைசித் துளையும் பிடித்தது. நடுத்துளையிலிருந்து கால் தானாகவே நழுவி நிலத்தில் விழுந்தது. சந்தேகத்தில் அவர் ஆகக் கூடுதலாகக் குத்தியது அந்தத் துளையைத்தான். உள்ளே இருந்த பித்தளைப் பிடி வாய் விரிந்து கிடந்தது.

வசீகரன் எட்டிப் பார்த்தான். விளங்கிவிட்டது.

"பனிக்கு றோட்டில கொட்டுற உப்பெண்டு சொல்லுங்கோ. இந்த ஊரில உப்பு அரிக்காத வயர் எங்க கிடக்கு? ஒருத்தரும் கேக்காயினம்."

பேரின்பநாதன் கழிவுக் கார் ஒன்றின் செருகியிலிருந்து நல்ல பிடியொன்றை எடுத்து மாற்றினார். வாசல் மேட்டில் பத்துத் தரம் ஏற்றி இறக்கினார். விளக்கு எரியவில்லை. சந்தோசமும் வரவில்லை.

நாலு மணிக்கு நிருஷா வந்தாள். "எஞ்சின் சரி, பிள்ளை," என்று தொடங்கியவர், வசீகரனின் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "சனவரியில சென்சர் பிழை. பேந்து மார்ச்சிலயும் இப்பயும் வந்த ரெண்டும் என்னால. நான் குத்திக் குத்தித்தான் துளையைக் கெடுத்தனான்."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"அப்ப அண்டைக்கு எனக்கு றோட்டைப் பாத்து ஓடச் சொன்னது?"

"பிழை."

"நான் குழிக்குக் குழி கும்பிட்டுக் கும்பிட்டெல்லோ ஓடினனான்! பின்னால வாறவன் ஹோர்ன் அடிச்சே செத்தான்." கைப்பையிலிருந்து மதாமின் கடிதத்தை எடுத்து மேசையில் போட்டாள். "எனக்குச் சொல்லி என்ன அண்ணை? இவவுக்குச் சொல்லுங்கோ. பிரெஞ்சில எழுதி, சீல் குத்தித் தாங்கோ."

"கராஜின்ர சீலோ?" என்றான் வசீகரன்.

"இல்லை, கோயில் சீல்."

பேரின்பநாதன் குந்தி எழுதினார். அரை மணித்தியாலம் எடுத்தது. திகதி, காரின் இலக்கம், சென்சரின் வேலை, துளைகளின் விபரம், ஒவ்வொரு துளைக்கும் வந்த வோல்ற். நிருஷா நின்றபடியே வாசித்தாள்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனா மதாம் மூண்டாம் வரியோட குப்பையில போட்டிடுவா. பிழை உங்கட எண்டது எங்க கிடக்கு?"

"கடைசியில. முடிவு கடைசியிலதானே வரும்."

"முன்னுக்குக் கொண்டுவாங்கோ."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இன்னொரு தாளை எடுத்தார். திகதியைக்கூடப் போடாமல் முதல் வரியை எழுதினார்: நிருஷா இரண்டு தடவை வேலைக்குப் பிந்தியது என்னுடைய பிழையால்.

அதற்குக் கீழே தன் முழுப் பெயர்.

வசீகரன் மேசை லாச்சியை இழுத்தான். கராஜ் சீலை எடுத்து வாயால் இரண்டு தரம் ஊதி அவரிடம் நீட்டினான்.