திரும்பப் போட்ட பூட்டு

கேட்கத்தான் வந்திருக்கிறான். இல்லாவிட்டால் அண்ணன் அழைப்புமணி அடிப்பானா? நேராக உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறப்பவனாயிற்றே.

கதவைத் திறந்தாள். அவன் கையில் ஒரு பை நிறைய ஆப்பிள், நோயாளியைப் பார்க்க வந்தவன் போல.

"என்ன வாத்தியாரம்மா, ஃபோனே எடுக்க மாட்டேங்கிற?"

"உள்ள வாண்ணா."

மேசைமேல் இருந்த திரையில் ஓர் ஆமை படியிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. அவளும் அண்ணனும் உருவாக்கிய கேம் எஞ்சினை, கணினி விளையாட்டுகள் செய்ய உதவும் மென்பொருளை, வைத்து எங்கோ பள்ளிப் பிள்ளைகள் செய்த விளையாட்டு. படி விளிம்பில் ஆமையின் ஓடு நடுங்குகிறது என்று உதவி கேட்டிருந்தார்கள். விழுவது, மோதுவது, நிற்பதெல்லாம் அவள் எழுதிய பகுதி. திரையில் வரைவதும் மேடையில் பேசுவதும் அண்ணன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்றுதான் கல்லூரி நாட்களில் இருவரும் தொடங்கினார்கள்.

ஒரே கட்டுப்பாடு. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து 'சரி' என்றால்தான் எஞ்சினில் சேரும். யாரும் மீற முடியாதபடி மென்பொருளிலேயே அதற்குப் பூட்டுப் போட்டவன் அண்ணன்தான். பிரசவ வார்டில் அரை மயக்கத்தில் கிடந்தவளிடம் லேப்டாப்பை நீட்டி, "ஒரே ஒரு வரிதான், படிச்சுச் சொல்லு" என்று நர்ஸிடம் திட்டு வாங்கியவன்.

அவனே போன வாரம், அவள் தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, பூட்டைக் கழற்றி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த உரிமத்தை மாற்றிவிட்டான். இனி எஞ்சின் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். ஆமைப் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது.

மாற்றியதைவிட, வேலை முடிந்ததும் பூட்டைத் திரும்பப் போட்டு வைத்திருந்ததுதான் அவளைச் சுட்டது. மறுநாள் ஒன்றும் அறியாமல் அவள் அனுப்பிய திருத்தத்தைப் படித்து, 'சரி, அருமை' என்று கைதட்டும் பொம்மையும் போட்டிருந்தான்.

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட" என்றான்.

"அது தெரிஞ்சுதான் செஞ்சியா?"

அவன் ஆப்பிள் பையின் முடிச்சை அவிழ்த்தான்.

"பாதி நீ எழுதினது. நீயும் சரின்னு போட்டாத்தான் செல்லுமாம், கம்பெனி வக்கீல் சொல்றாரு. அங்க உனக்கும் ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க."

"எனக்கு நாற்காலி இருக்கு. உக்காந்திருக்கேன் பாரு."

"கிண்டல் பண்ணாத. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னு மேடையில சொல்லிட்டேன். என் மானத்த வாங்கிடாதம்மா."

தோள்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்து அவள் பக்கம் தள்ளினான், அன்று வார்டில் நீட்டியதைப் போலவே. பார்க்காமல் ஒதுக்க அவளால் முடியவில்லை. யார் எழுதியதென்றாலும் முழுக்கப் படிக்காமல் அவள் பதில் சொன்னதில்லை; அதனால்தான் அண்ணனுக்கு அவள் 'வாத்தியாரம்மா'. உரிம மாற்றத்தை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். அவன் வழக்கம்போல நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவனுடைய அந்த முகத்தை அவளுக்கு இன்னும் பிடித்திருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"படிச்சிட்டேன்."

"அப்போ போடு."

"இது எஞ்சின்ல சேராதுண்ணா" என்று மெல்லச் சொல்லி, லேப்டாப்பை மூடி அவனிடமே நகர்த்தினாள்.